முதல் வாசகர்

(கொல்லிமலை செம்மேட்டில், புத்தகத் திருவிழாவை ஒட்டி நடந்த எழுத்துப் பயிலரங்கின் தொடக்கத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



கொல்லிமலையைப் பாடாமல் தமிழ் எந்தக் காலத்திலும் சும்மா இருந்ததில்லை. நற்றிணையைத் திறந்தாலும் அகநானூற்றைத் திறந்தாலும் கொல்லிப்பாவை நிற்கிறாள். ஒரு பெண்ணின் அழகைச் சொல்லி மாளவில்லை என்றால் சங்கப் புலவர் நேரே இந்த மலைக்கு வந்துவிடுவார். புறநானூற்றில் வன்பரணரும் கழைதின் யானையாரும் வல்வில் ஓரியைப் பாடினார்கள். பிற்காலத்தில் அம்பலவாணக் கவிராயர் இங்கிருக்கும் அறப்பளீசுவரர் மேல் ஒரு சதகமே பாடினார். தேவாரப் பண்களில் ஒன்றுக்குப் பெயரே கொல்லி. இன்றைக்குக் கீழே புத்தகக் கடைகளில் சித்தர்கள், மர்மங்கள், மூலிகைகள் என்று கொல்லிமலைப் பெயர் போட்ட அட்டைகளைப் பார்க்கலாம். கைப்பேசியில் தேடினால் எழுபது கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டி ஓட்டிக் காட்டுகிறவர்களின் வீடியோக்கள் வந்து கொட்டும்.

இவ்வளவும் ஏறி வந்து பார்த்தவர்கள் சொன்னது. இங்கே பிறந்து, இங்கே குச்சிக்கிழங்கு பிடுங்கி, இங்கே பிள்ளை பெற்றவர்கள் எழுதியது எவ்வளவு இருக்கிறது என்று கேட்டால் அலமாரியில் ஒரு தட்டுகூட நிரம்பாது.

புறநானூற்றின் 152ஆம் பாட்டை இங்கே எத்தனை பேர் பள்ளியில் படித்தீர்களோ தெரியாது. ஓரி விட்ட ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி எல்லாவற்றையும் துளைத்துவிட்டுக் கடைசியில் உடும்பில் போய்த் தைத்த பாட்டு. ஆடிப் பதினெட்டை ஒட்டி இங்கே அரசு நடத்தும் ஓரி விழாவில் அந்த அம்பைப் பற்றிப் பேசாத பேச்சாளர் கிடையாது. எனக்கு அம்பைவிட அதற்குப் பிறகு நடப்பதுதான் முக்கியம். காட்டில் எதிர்ப்பட்ட வேட்டுவன் யாரென்று தெரியாமல் பாணர் கூட்டம் பாடுகிறது. பாட்டில் தன் பெயர் வந்ததும் அந்த மனிதர் கூச்சப்படுகிறார். பேச்சு அதிகமில்லை. வேகவைத்த மான்கறியும் மதுவும் பொன்னும் மணியும் கொடுத்து, வைத்துக்கொள்ளுங்கள் என்கிறார். வந்தவர் பாடுகிறார், மலைக்காரர் கொடுக்கிறார். அன்றைக்குப் போட்ட அந்தப் பங்கீடு இன்றைக்கும் பெரிதாக மாறிவிடவில்லை.

1909இல் எட்கர் தர்ஸ்டன் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ஏழு பெருந்தொகுதிகள் வெளியிட்டார். மலையாளிகள் என்ற தலைப்பில், அதாவது இந்த மலைகளின் பழங்குடியினர் என்ற பொருளில், உங்கள் மூதாதையர் கதை அதில் இருக்கிறது. காஞ்சிபுரத்துப் பக்கமிருந்து கிளம்பிய அண்ணன் தம்பி மூவர், ஆளுக்கொரு மலையாகப் பிரிந்த கதை. எந்த அண்ணன் எந்த மலைக்குப் போனார் என்பது சொல்கிற ஆளைப் பொறுத்து மாறும். கல்வராயனில் ஒரு விதம், பச்சைமலையில் ஒரு விதம், இங்கே ஒரு விதம். அந்த வேறுபாட்டில்தான் கதையின் உயிர் இருக்கிறது. யார் மூத்தவர், யார் ஏமாந்தவர், யார் கோபித்துக்கொண்டு போனவர் என்பதை ஒவ்வொரு மலையும் தனக்குச் சாதகமாகச் சொல்லிக்கொள்ளும். அதிகாரி எழுதியபோது அது வெறும் தகவலாகச் சுருங்கிவிட்டது. உங்கள் வீட்டுப் பாட்டி சொல்கிற வடிவம் இன்னும் அச்சேறவில்லை.

கீழேயிருந்து வந்தவர்கள் எல்லோரும் மேலோட்டமாகப் பார்த்துவிட்டுப் போனார்கள் என்று நான் சொல்லவில்லை. நாமக்கல் மாவட்டத்துக்காரரான கு.சின்னப்ப பாரதி இங்கே வந்து உங்களோடு பழகி 'சங்கம்' என்ற நாவலை எழுதினார். விவசாய இயக்கத்தில் ஊறிய மனிதர். வியாபாரியிடமும் வட்டிக்காரரிடமும் மாட்டிக்கொண்ட மலைமக்கள் ஒன்று சேர்வதைத்தான் அவர் எழுத விரும்பினார், எழுதினார். நாவலில் கொள்கை கொஞ்சம் தூக்கலாக நிற்கிற இடங்கள் உண்டு. இருந்தாலும் இந்த மலையின் சனங்களைத் தமிழ் நாவலுக்குள் ஆட்களாக நடமாடவிட்டதில் அவருக்குத் தனி இடம் உண்டு. 2022இல் அவர் காலமானார். அந்த நாவலை இங்கே யாராவது வைத்திருந்தால் நாளைக்குப் பயிலரங்குக்கு எடுத்து வாருங்கள், ஒரு அத்தியாயத்தைச் சேர்ந்து படிப்போம். படித்துவிட்டு எது சரி, எது வெளியாள் பார்வை என்று நீங்கள் சொல்லவேண்டும். அந்தத் தீர்ப்பை எந்த விமர்சகரும் சொல்லமுடியாது.

கேரளத்தில் இந்தத் தீர்ப்பைச் சொல்ல ஒருவர் நாவலே எழுதினார். நாராயண் என்று பெயர், மலை அரையர் சமூகம், தபால் துறை உத்தியோகம். கதைகளிலும் சினிமாவிலும் தன் மக்களைக் காட்டுமிராண்டிகளாகக் காட்டுவதைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், தானே உட்கார்ந்து 'கொச்சரேத்தி' எழுதினார். கைப்பிரதி ஆண்டுக்கணக்கில் அச்சுக்குக் காத்துக் கிடந்தது. 1998இல் புத்தகம் வந்தது, அடுத்த ஆண்டே கேரள சாகித்திய அகாதமி விருது. அவர் எந்தப் பயிலரங்குக்கும் போனதாகத் தெரியவில்லை. அப்படியானால் நாளைக்கு நாம் எதற்கு உட்காருகிறோம் என்று யாராவது கேட்டால் அது நியாயமான கேள்வி.

அதற்குப் பதிலைப் புத்தகத் திருவிழாவிலிருந்து தொடங்குகிறேன். அது நமக்குப் புதிதில்லை. சென்னையில் 1977இலிருந்து நடக்கிறது. நெய்வேலியில் 1998இல் ஆரம்பித்தார்கள், அங்கே சிறுகதைப் போட்டியையும் சேர்த்துக்கொண்டார்கள். ஈரோட்டில் 2005 முதல் மக்கள் சிந்தனைப் பேரவை நடத்துகிறது. பள்ளிப் பிள்ளைகள் உண்டியலில் காசு சேர்த்துக்கொண்டு வந்து புத்தகம் வாங்குகிற பழக்கத்தை அங்கே உண்டாக்கினார்கள். 2022க்குப் பிறகு அரசே பணம் ஒதுக்கி மாவட்டந்தோறும் நடத்துகிறது. நல்லது. மாலையானால் மேடையில் பெரிய பேச்சாளர், கீழே ஆயிரம் நாற்காலி. ஆனால் எழுத நினைக்கிற ஒரு பிள்ளைக்கு அந்த ஆயிரம் நாற்காலியில் ஒன்று கிடைத்து என்ன பயன்? கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போகும். அதைச் சரிக்கட்டத்தான் பகல் நேரத்தில் பயிலரங்கு என்று ஒன்றை வைக்கிறார்கள்.

பெரும்பாலான பயிலரங்குகள் எப்படி நடக்கின்றன என்று உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். பத்து மணி என்று போட்டிருப்பார்கள், பதினொன்றரைக்குக் குத்துவிளக்கு. வரவேற்புரை, முன்னிலை உரை, பொன்னாடை. அப்புறம் எழுத்தாளர் வந்து, தான் எழுத்தாளரான கதையைச் சொல்வார். முதல் கதை திரும்பி வந்தது, இரண்டாவது கதை திரும்பி வந்தது, மூன்றாவது கதைக்குப் பரிசு. கேட்க நன்றாக இருக்கும். சாப்பாடு. பிற்பகலில் கதைக்குத் தொடக்கம், நடு, முடிவு என்ற மூன்று பாகங்கள் உண்டு என்று ஒருவர் கரும்பலகையில் எழுதிக் காட்டுவார். சான்றிதழ், குழுப் படம், பஸ். வந்தவர்களில் ஒருவர்கூட அன்றைக்கு ஒரு வரி எழுதியிருக்கமாட்டார். சமையல் பழகப் போனவரை அடுப்படிக்கே விடாமல், சமையல்காரரின் வாழ்க்கை வரலாற்றைச் சொல்லி அனுப்புகிற மாதிரி.

இதைவிட நன்றாக நடத்திக் காட்டியவர்கள் நம்மிலேயே இருந்திருக்கிறார்கள், அதுவும் எழுபது ஆண்டுக்கு முன்னால், கடல் கடந்து. 1950இல் கோலாலம்பூர் 'தமிழ் நேசன்' பத்திரிகையின் ஞாயிறு பதிப்பில் கதை வகுப்பு என்று ஒரு பகுதி தொடங்கினார்கள். சுப.நாராயணன், பைரோஜி நாராயணன் என்ற இருவர் நடத்தினார்கள். பத்திரிகையில் பாடம் வரும், வாசகர்கள் பயிற்சி எழுதி அனுப்பவேண்டும், அதைத் திருத்தித் தரம் சொல்வார்கள். மலாயாவில் தமிழர் வாழ்க்கை அன்றைக்குப் பெரும்பாலும் ரப்பர் தோட்டங்களோடு பின்னிக் கிடந்தது. பெரிய படிப்புக்கு வழியில்லாத இளைஞர்கள். படிக்கக் கிடைத்தது தமிழ்நாட்டுப் பத்திரிகை, அதில் வருவது காவிரிக்கரையும் மெரினாவும். தங்கள் லயத்து வீடும் பால் வாளியும் கதையாகும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. மலேசியத் தமிழ்ச் சிறுகதையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் யாரும் அந்தக் கதை வகுப்பைத் தாண்டிப் போகமுடியாது. பின்னால் அதே பத்திரிகைக்கு ஆசிரியராகப் போன கு.அழகிரிசாமி, உள்ளூர் எழுத்தாளர்களைக் கூட்டி வைத்து அவர்கள் கதைகளை அவர்கள் முன்னாலேயே அலசினார். சிலருக்கு மனவருத்தமும் ஏற்பட்டிருக்கும். அது இல்லாமல் அலசல் இல்லை.

அழகிரிசாமிக்கு இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இடைசெவல் என்று ஒரு சின்ன ஊர். 1923 செப்டம்பரில், சில நாள் இடைவெளியில், அந்த ஊரில் இரண்டு குழந்தைகள் பிறந்தன. ஒருவர் கு.அழகிரிசாமி, இன்னொருவர் கி.ராஜநாராயணன். இருவரும் சேர்ந்து படித்தார்கள், சேர்ந்து சங்கீதம் கேட்டார்கள், பிரிந்த பிறகு கடிதம் எழுதிக்கொண்டார்கள். ஒருவருக்கு 1970இல் சாகித்திய அகாதமி விருது, அவர் இறந்துபோன பிறகு. இன்னொருவருக்கு 1991இல். நாடு என்று நீங்கள் சொல்கிற கொல்லிமலை ஊர்த்தொகுதி ஒன்றைவிடச் சின்ன ஊர் ஐயா அது! இடைசெவல் மண்ணில் அதிசயம் ஒன்றும் கிடையாது, வறண்ட கரிசல். அழகிரிசாமி எழுதியதைப் படிக்க ஒரு ராஜநாராயணன் இருந்தார், ராஜநாராயணன் பேசியதைக் கேட்க ஒரு அழகிரிசாமி இருந்தார். அவ்வளவுதான் நடந்தது.

இதைத்தான் முதல் வாசகர் என்கிறேன். எழுதியதை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தால், நம் மேல் இருக்கிற பிரியத்துக்காகப் பொய் சொல்லாமல், நம் மேல் இருக்கிற பொறாமைக்காகக் கிழிக்காமல், படித்து ஒரு வார்த்தை சொல்லக்கூடிய ஆள். தமிழில் எழுத வந்தவர்களுக்குப் பள்ளிக்கூடம் இல்லாவிட்டாலும் இப்படி ஒரு திண்ணை எப்போதும் இருந்திருக்கிறது. திருநெல்வேலியில் டி.கே.சி. வீட்டில் 'வட்டத்தொட்டி' என்ற இலக்கியக் கூட்டம் கூடியது. நாகர்கோவிலில் சுந்தர ராமசாமி வீட்டில் 'காகங்கள்' என்ற இலக்கியச் சந்திப்பு கூடியது. அப்படித் திண்ணை கிடைத்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள், அதிலும் படிப்பும் பொழுதும் உள்ள குடும்பத்து ஆண்கள். திண்ணையில் இடமில்லாதவர்களுக்கு அதைக் கொண்டுவந்து போடுவதுதான் பயிலரங்கு செய்யக்கூடிய வேலை. வேறு எதையும் அது பெரிதாகச் செய்துவிட முடியாது என்பது என் கட்சி. அனுபவத்தைக் கொடுக்கமுடியாது, அது உங்களிடமே இருக்கிறது. மொழியைக் கொடுக்கமுடியாது, அதுவும் இருக்கிறது.

இந்த மலைக்கு அடிவாரத்திலேயே இதற்குச் சாட்சி உண்டு. பெருமாள்முருகன் நாமக்கல் அரசு கலைக் கல்லூரியில் தமிழ் கற்பித்த காலத்தில், மாணவர்களையும் நண்பர்களையும் சேர்த்துக் 'கூடு' என்ற சந்திப்பை நடத்திவந்தார். கட்டுரை படிப்பார்கள், விவாதிப்பார்கள். அந்தப் பழக்கத்தின் தொடர்ச்சியாக, சாதி தங்கள் வாழ்க்கையில் எப்படி வந்து மோதியது என்று ஆளுக்கொரு கட்டுரை எழுதச் சொன்னார். அவர்களில் பலருக்கு எழுத்து பழக்கமில்லாத வேலை. 2013இல் 'சாதியும் நானும்' என்று அது புத்தகமாக வந்தது. பிறகு சி.எஸ்.லக்ஷ்மியின் மொழிபெயர்ப்பில் ஆங்கிலத்துக்கும் போயிற்று. படித்துப் பாருங்கள். அலங்காரம் கிடையாது. யார் வீட்டில் எந்தப் பாத்திரத்தில் தண்ணீர் கொடுத்தார்கள், எந்த வாசலில் நிற்கச் சொன்னார்கள் என்று நேராகப் போகும். அதை எழுதுகிறவர்களுக்கு, எழுது, நான் படிக்கிறேன் என்று சொல்ல ஒரு ஆள் இருந்தார்.

இந்த விஷயத்தில் உலகத்துக்கே வாத்தியார் என்று பெயர் எடுத்தது அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகம். 1936இலிருந்து அங்கே எழுத்துப் பயிலரங்கைப் பட்டப் படிப்பாகவே நடத்துகிறார்கள். அதே ஊரில் 1967இல் பல நாட்டு எழுத்தாளர்களை அழைத்துத் தங்கவைக்கும் திட்டம் ஒன்றும் வந்தது. 1973இல் நம் அசோகமித்திரன் அதற்குப் போனார். தியாகராய நகரில் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த மனிதர் கொட்டுகிற பனியில் போய் மாட்டிக்கொண்டார். திரும்பி வந்து எழுதியது 'ஒற்றன்!' என்ற நாவல். எழுத்துக் கலை பற்றி அதில் உபதேசம் எதுவும் இருக்காது. வெவ்வேறு நாட்டிலிருந்து வந்த எழுத்தாளர்கள் ஒரே கட்டடத்தில் எப்படிச் சண்டை போட்டார்கள், எப்படித் தனியாக அவதிப்பட்டார்கள் என்பதைத்தான் கவனித்து எழுதினார். பயிலரங்குக்குப் போகிறவர் எதைக் கவனிக்கவேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல பாடப்புத்தகம் எனக்குத் தெரியவில்லை.

அயோவா வழியில் ஒரு விதி உண்டு. எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது, மற்றவர்கள் பேசவேண்டும், அவர் கேட்டுக் குறித்துக்கொள்ளவேண்டும். நம் ஊர்ப் பயிலரங்குகளிலும் இதைப் பின்பற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். எழுதியவர் விளக்கம் சொல்லிச் சொல்லியே கதையைக் காப்பாற்றப் பார்ப்பார் என்பதால் வந்த விதி. நியாயமும் இருக்கிறது. ஆனால் அந்த விதியை அப்படியே தூக்கிக்கொண்டு மலையேறினால் என்ன ஆகும்? பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் படித்து, வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போன ஒரு பெண், பல தலைமுறையாகப் பேசாமல் இருந்த வீட்டிலிருந்து முதல்முறையாக ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வருகிறாள். எதிரே வாத்தியார், ஊர்ப் பெரியவர், வெளியூர் எழுத்தாளர். நீ பேசாதே, நாங்கள் பேசுகிறோம் என்று அவளிடம் சொல்வதா? அமெரிக்காவிலேயே இந்த விதியைக் கேள்வி கேட்டு மேத்யூ சலெசஸ் என்ற நாவலாசிரியர் 2021இல் ஒரு புத்தகம் எழுதினார். யாருக்காக எழுதுகிறோம், யாருடைய பழக்கத்தை வைத்து நல்ல கதை என்கிறோம் என்பது அவர் கேள்வி.

அதனால் நாளைக்கு நாம் இப்படி வைத்துக்கொள்வோம். எழுதியவர் தன் பக்கத்தைத் தானே உரக்கப் படிக்கட்டும். படிக்குமுன், என் கதையைப் பற்றி இதைச் சொல்லுங்கள் என்று ஒரே ஒரு கேள்வியை அவர் நம்மிடம் கேட்கலாம். என் மாமன் உங்களுக்குக் கெட்டவனாகத் தெரிகிறானா, இந்தச் சண்டை எதற்காக என்று புரிகிறதா, அந்த மாதிரி. கேட்பவர்கள் முதலில் அதற்குப் பதில் சொல்லவேண்டும். நல்லா இருக்கு என்ற வார்த்தைக்கு நாளை முழுக்கத் தடை. எந்த இடத்தில் உங்கள் மனம் கதையை விட்டுவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போனது என்று சொன்னால் போதும். உரக்கப் படிக்கும்போது எழுதியவருக்கே பாதி தெரிந்துவிடும். நாக்கு இடறுகிற இடத்தில் வாக்கியம் கோணலாக இருக்கிறது என்று அர்த்தம். குரல் தானாகத் தாழ்கிற இடத்தில் எதையோ மறைத்திருக்கிறோம்.

எதை எழுதுவது என்று ஒரு தம்பி காலையில் கேட்டார். எதை எழுதக் கூடாது என்று மட்டும் சொல்கிறேன். 'இயற்கை எழில் கொஞ்சும் கொல்லிமலையின் அடிவாரத்தில்' என்று ஆரம்பிக்கக் கூடாது. அது சுற்றுலாத் துறையின் வாக்கியம். உங்களுக்கு மூடுபனி அழகான காட்சி கிடையாது, மிளகு காயாமல் போகிற தலைவலி. அந்தத் தலைவலியை எழுதுங்கள். ஆகாய கங்கை அருவி முந்நூறு அடி என்று எல்லோருக்கும் தெரியும். அங்கே இறங்கிய வெளியூர்க்காரர் ஏறமுடியாமல் பாதிப் படியில் உட்கார்ந்திருக்கும்போது, தண்ணீர் பாட்டில் விற்கிற பெண் அவரைப் பற்றி என்ன நினைத்தாள் என்பது எந்த வீடியோவிலும் வராது. இரவில் வலி எடுத்த கர்ப்பிணியை ஏற்றிக்கொண்டு எழுபது வளைவையும் இறங்குகிற வண்டிக்குள் யார் என்ன பேசினார்கள்? வண்டி ஓட்டியவருக்கு அந்த வளைவுகளில் எது நினைவிருக்கிறது? அடிவாரத்தில் காரவள்ளி வந்து சேர்ந்ததும் யார் முதலில் பெருமூச்சு விட்டார்?

சாமையைச் சொல்கிறேன். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் தொண்ணூறுகளிலிருந்து இந்த மலையில் சிறுதானியங்களைப் பற்றி வேலை செய்துவருகிறது. கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை என்று உங்கள் பாட்டன் பாட்டிகள் பெயர் சொல்லிப் பிரித்து வைத்திருந்த வகைகளையெல்லாம் ஆராய்ச்சிக் கட்டுரைகளில் ஏற்றியிருக்கிறார்கள். பெரிய காரியம். சேகோ ஆலைகளுக்குக் கிழங்கு போக ஆரம்பித்த பிறகு, காசு வருகிற பக்கம் காடு சாய்ந்தது, சாமைக் காடு சுருங்கியது என்பதும் அந்தக் கட்டுரைகளில் இருக்கிறது. ஆனால் ஒரு வீட்டில் அந்த முடிவு எப்படி எடுக்கப்பட்டது? சாமை வேண்டாம், கிழங்கு போடலாம் என்று மகன் சொன்ன அன்றைக்கு அப்பா என்ன பதில் சொன்னார்? விதைக் கூடையை அம்மா என்ன செய்தாள்? உரலில் குத்துகிற வேலை மிச்சம் என்று அவள் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டிருக்கவும் கூடும். அப்படி எழுதினால்தான் கதை. பழைய சோறே அமிர்தம், பழைய காலமே பொற்காலம் என்று எழுதினால் அதுவும் கீழ்நாட்டுக்காரர் உங்களிடம் எதிர்பார்க்கிற பாட்டுத்தான்.

எந்தத் தமிழில் எழுதுவது என்பது அடுத்த பயம். பள்ளிக்கூடத்தில் உங்கள் பேச்சை ஒரு தடவையாவது யாராவது திருத்தியிருப்பார்கள். அந்தக் கூச்சத்தில் எழுத உட்கார்ந்ததும் பாடப்புத்தகத் தமிழ் வந்துவிடும். பாட்டி செத்த கதையை எழுதும்போதும் 'துயரக் கடலில் மூழ்கினோம்' என்று வரும். கி.ரா. தன் கரிசல் பேச்சிலேயே எழுதியதோடு நிற்காமல், 1982இல் அந்தச் சொற்களுக்கு ஒரு அகராதியும் போட்டார். பெருமாள்முருகன் கொங்குச் சொற்களுக்கு ஒரு அகராதி போட்டார். பாமா 1992இல் 'கருக்கு' எழுதியபோது இலக்கணப் பண்டிதர்கள் முகம் சுளித்தார்கள், இன்றைக்கு அது பல பல்கலைக்கழகங்களில் பாடம். வாழவந்தி நாட்டில் ஒரு பொருளுக்கு ஒரு பெயரும் அரியூர் நாட்டில் வேறு பெயரும் இருந்தால் இரண்டையும் எழுதி வையுங்கள். கதை எழுத வராதவர்கள் அந்தச் சொற்களைச் சேர்க்கிற வேலையை எடுத்துக்கொள்ளலாம். கதை எழுதுகிறவரைவிட அவர் குறைந்தவர் இல்லை. வயதான ஒருவரை உட்காரவைத்துப் பேசவிட்டு, கைப்பேசியில் பதிவு செய்து, பிறகு ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதிப் பாருங்கள். பேச்சு எங்கே நிற்கிறது, எங்கே தாவுகிறது என்று அப்போதுதான் காதில் விழும். கி.ரா. புதுவைப் பல்கலைக்கழகத்தில் நாட்டுப்புறக் கதைகள் சேர்த்தது ஏறக்குறைய இந்த வழியில்தான்.

புத்தகம் போடுவதைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஒரு பயிலரங்கு முடிந்த சூட்டில் நாலு கவிதையை வைத்துக்கொண்டு அச்சகம் தேடிப் போகிறவர்கள் உண்டு. பணம் கட்டினால் நூறு பிரதி அடித்து, விழா எடுத்து, விருதும் கொடுத்து அனுப்ப ஆட்கள் இருக்கிறார்கள். அந்த நூறு பிரதியும் உங்கள் வீட்டு அட்டாலியில்தான் தூங்கும். ஆடு விற்ற காசை அதில் போடாதீர்கள். ஆதிதிராவிட, பழங்குடி எழுத்தாளர்களின் நல்ல படைப்புகளை வெளியிட அரசின் நிதியுதவித் திட்டம் இருக்கிறது. கைப்பிரதி தயாரானால், விண்ணப்பம் போட உதவ இங்கே ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அதற்கு முன்னால் சிறுபத்திரிகைகளுக்கு ஒவ்வொன்றாக அனுப்புங்கள். திரும்பி வரும், வரட்டும்.

கடைசியாக ஏற்பாட்டாளர்களிடம் ஒரு வார்த்தை. இந்தப் பயிலரங்கு நாளையோடு முடிந்தால் நீங்கள் செலவழித்தது பந்தலுக்கும் சாப்பாட்டுக்கும் மட்டும்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒரு ஞாயிறு, ஏதாவது ஒரு பள்ளி வராண்டாவைத் திறந்துவிட ஒரு ஆள் வேண்டும். எழுத்தாளர் யாரும் வரவேண்டியதில்லை, பொன்னாடை வேண்டாம். வளப்பூர் நாட்டிலிருந்து ஒருவர், தின்னனூர் நாட்டிலிருந்து ஒருவர், குண்டூர் நாட்டிலிருந்து ஒருவர் என்று நாலைந்து பேர் ஆளுக்கொரு பக்கத்தோடு வந்தால் போதும். மழைக்காலத்தில் பஸ் கிடைக்காத மாதங்களும் இருக்கும், அந்த மாதம் போனில் படித்துக் காட்டட்டும். மலாயாவில் கதை வகுப்பு நடந்தபோது ஒருவரை ஒருவர் பார்க்காமல் தபாலிலேயே அது நடந்தது.

நாளை காலை ஒன்பதரைக்கு ஆரம்பிக்கிறோம். குத்துவிளக்கு இல்லை. ஆளுக்கு ஒரு பக்கம், ஒரே ஒரு பக்கம், இன்று ராத்திரி எழுதிக்கொண்டு வாருங்கள். கிழங்கு லாரியில் எடை போடுகிற இடத்தில் நீங்கள் பார்த்த ஏதாவது ஒரு சம்பவம். எடை போட்டவர், கிழங்குக்காரர், பார்த்துக்கொண்டு நின்றவர், மூவரில் ஒருவர் வாயால் அதைச் சொல்லுங்கள். எழுத்துக் கூட்டி எழுதச் சிரமப்படுகிற அம்மாக்கள் யாராவது வருவதாக இருந்தால் சும்மா வந்து சொல்லட்டும், எழுதிக்கொள்ளப் பிள்ளைகள் இருக்கிறார்கள். தொலைவிலிருந்து வருகிறவர்கள் மூன்றரை மணி பஸ்ஸுக்குப் போகவேண்டும் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அவர்களை முதலில் படிக்கவைத்துவிடலாம்.